சவுனாவில் எழுந்ததும் கண் இருட்டிவிட்டது, அப்பாவை அழைத்துப் போகலாமா?

தாம்பெரே_புதுசு எழுதியது:

வணக்கம். பின்லாந்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, தாம்பெரேயில் வாடகை வீடு. எங்கள் கட்டடத்தில் கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சவுனா (அடுப்பில் சூடேறிய கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, அந்தச் சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் மர அறை) இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7 முதல் 8 வரை எங்கள் வீட்டு முறை. இத்தனை நாள் கூச்சத்தில் போகவே இல்லை, மாதாமாதம் காசு மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். போன வாரம் மனைவி ஊருக்குப் போயிருந்ததால் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். ஆறரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கீழே போனேன். சுவரில் இருந்த வெப்பமானி 90 காட்டியது. எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள் என்று நினைத்து நேராக மேல்படியில் ஏறிவிட்டேன். கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் மூன்று தடவை அடுத்தடுத்து ஊற்றினேன். இரண்டு நொடி ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் காது நுனியும் மூக்கின் உள்பக்கமும் எரிகிற மாதிரி ஒரு சூடு மேலிருந்து வந்து தோளில் இறங்கியது. ஆபீஸில் ஒருவர் 20 நிமிடம் இருப்பேன் என்று சொல்லியிருந்தார், அதனால் நானும் 20 நிமிடம் என்று முடிவு செய்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நடுவில் இடுப்பில் சுரீர் என்றது, பார்த்தால் வெள்ளி அரைஞாண்கொடி. அதைக் கழற்றலாம் என்று சட்டென்று எழுந்தேன், கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டேன், கை நழுவியிருந்தால் அடுப்பின் மேல்தான் விழுந்திருப்பேன். இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு நாலு நாள் இருந்தது.

இப்போது கேள்வி. ஜூனில் அப்பா அம்மா வருகிறார்கள். யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைத் திருவிழா விடுமுறைக்கு எங்கள் டீமில் ஒருவர், ஏரிக்கரையில் இருக்கும் அவருடைய மோக்கிக்கு, அதாவது விடுமுறை வீட்டுக்கு, குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். அங்கே விறகுச் சவுனா. அப்பாவுக்கு 63 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரைக்கு ராத்திரி இன்சுலின். போனில் இதைச் சொன்னதிலிருந்து "நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும்டா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விடலாமா? அம்மாவும் மனைவியும் வருவதென்றால் என்ன உடுத்துவது? இதையெல்லாம் கேட்க எனக்கு இங்கே வேறு ஆள் இல்லை.

பிஸ்பாலா_மேடு எழுதியது:

தம்பி, விழாமல் தப்பித்தீர்களே, முதலில் அதற்கு நிம்மதி. நான் இதே ஊரில் 12 வருடமாக இருக்கிறேன், வாரம் இரண்டு தடவை சவுனா. உங்களுடைய பெரிய தப்பு அந்த 20 நிமிடக் கணக்குதான். இது தாங்கிக் காட்டுகிற விஷயமே இல்லை. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனா இருக்கிறது, அத்தனை பேரும் ஆயுள் முழுக்கப் போகிறார்கள் என்றால் அது அவர்களுக்கு இதமாக இருப்பதால்தான். எனக்குத் தெரிந்த ஊர்க்காரர்களில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போதும் என்று தோன்றியதும் இறங்கிவிடுவார்கள், அது நாலாவது நிமிடமாக இருந்தாலும் சரி, யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். உள்ளே போகும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, உடம்பை நன்றாகத் துடைத்துக்கொள்வேன். ஈரமாகப் போனால் வியர்வை வரத் தாமதமாகும். உட்காரும் இடத்தில் துண்டு விரிப்பது கட்டாயம், அதற்கென்றே பெஃப்லெத்தி என்று சின்ன விரிப்பு கடைகளில் கிடைக்கும். சுத்தத்துக்கும் நல்லது, பலகைச் சூடும் தொடையில் உறைக்காது. முதல் சில தடவை கீழ்ப்படியில் உட்காருங்கள். சூடு முழுக்க மேலேதான் போய் நிற்கும், மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் 20, 30 டிகிரிகூட வித்தியாசம் இருக்கும். வெப்பமானி 90 காட்டினாலும் கீழே உட்கார்ந்தவருக்கு அது 60 ஆக இருக்கலாம். உங்கள் கட்டடத்தில் சூட்டைக் குறைக்க முடியுமானால் 70ல் ஆரம்பியுங்கள்.

தண்ணீர் விஷயம். கல்லின் மேல் ஊற்றியதும் எழும்பும் அந்த ஆவியை இவர்கள் லோய்லு என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் உயிர், மூச்சு என்று பொருளாம். நம்முடைய "ஆவி" என்ற சொல்லும் இரண்டையும் குறிப்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சரி, அது இருக்கட்டும். ஒரு தடவைக்கு அரைக் கரண்டி போதும். கையைக் கல்லுக்கு நேர் மேலே நீட்டாமல் பக்கவாட்டில் இருந்து ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் எழும்பும் ஆவி மணிக்கட்டைச் சுட்டுவிடும். உஸ் என்று ஒரே சத்தத்தில் தண்ணீர் மறைந்தால் கல் நல்ல சூட்டில் இருக்கிறது. சளசளவென்று கொதித்து ஓடினால் இன்னும் சூடேறவில்லை, காத்திருங்கள். ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், நீங்கள் செய்த மாதிரி மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் மேலே வந்தால் எனக்கே தாங்காது. கூட வேறு ஆள் இருந்தால் ஊற்றும் முன் "ஊற்றட்டுமா" என்று கேட்பது மரியாதை.

எட்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்து, ஆறிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போகலாம். வெளியே உட்கார்ந்து ஆறுகிற நேரத்தைச் சுருக்காதீர்கள், பாதி சுகம் அதில்தான். நம் ஊர் ராஜபோர்த்தி சவுனாவுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1906ல் கட்டியது, இப்போதும் நடக்கும் பொதுச் சவுனாக்களில் நாட்டிலேயே பழையது. முற்றத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனிக்காலத்தில்கூட ஜனங்கள் அரை மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், உடம்பிலிருந்து புகை மாதிரி ஆவி போய்க்கொண்டிருக்கும்.

ஓவ்லு_செவிலி எழுதியது:

நான் இங்கே நர்ஸாக வேலை செய்கிறேன், உங்கள் அப்பாவுடைய டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சூட்டில் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்துவிடும், உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், இதயம் வேகமாக நடக்கிற மாதிரி நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேல்கூடத் துடிக்கும். நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்காக ஒரு பங்கு ரத்தம் வயிற்றுக்கும் போயிருக்கும். அந்த நேரத்தில் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலில் தேங்கி, தலைக்குச் சில நொடி பற்றாமல் போகும். அதுதான் கண் இருட்டியது. இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு, மேலிருந்து நேராக எழுந்து நடக்காமல் கீழ்ப்படிக்கு நகர்ந்து, காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கால் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, கட்டையைப் பிடித்தபடி எழுந்திருக்கவேண்டும். தலை லேசாகக் கனத்தால், குமட்டினால், படபடப்பு வந்தால் அந்தக் கணமே இறங்கிவிடவேண்டும், இன்னும் ஒரு நிமிடம் என்று பார்க்கக்கூடாது. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள்.

இப்போது அப்பா. பிபி கட்டுக்குள் இருந்து, நெஞ்சுவலி இல்லாமல், இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் என்றால் மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் உட்காருவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டே வரட்டும், கேட்கும்போது மாத்திரைச் சீட்டைக் கையில் காட்டச் சொல்லுங்கள். சில பிபி மாத்திரைகள், முக்கியமாக நீர் போகக் கொடுப்பவை, சூட்டோடு சேர்ந்தால் பிபியை இன்னும் இறக்கிவிடும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், இதய வால்வு ரொம்பச் சுருங்கியவர்கள் போகவே கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும் யாரும் வேண்டாம்.

சர்க்கரையில் பலர் கவனிக்காத ஒன்று: சூட்டில் இன்சுலின் ஊசி போட்ட இடத்திலிருந்து வேகமாக ரத்தத்தில் சேரும், சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தாழ்சர்க்கரைக்கு வரும் வியர்வையும் படபடப்பும் சவுனாவில் எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிடுவார்கள், ஆபத்தே அங்கேதான். அதனால் போகும் முன்னும் வந்த பின்னும் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ஊசி போட்ட உடனே போகவேண்டாம், வெளியே பெஞ்சில் சர்க்கரை போட்ட ஜூஸ் ஒரு டம்ளர் இருக்கட்டும். இன்சுலின் பேனாவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகக்கூடாது, மருந்து கெட்டுவிடும். வருடக்கணக்காகச் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவராக இருந்தால் சூடு சுடுவதே தெரியாது, பாதத்துக்கும் துண்டு விரியுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள்.

அப்பாவைத் தனியாக விடாதீர்கள். முதல் தடவை ஐந்து நிமிடம், கீழ்ப்படி, தண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள்.

ஹெல்த்_விரும்பி எழுதியது:

நல்ல தகவல்கள். ஆனால் ஐந்து நிமிடத்தில் என்ன பலன் இருக்கும்? 30 நிமிடமாவது இருந்தால்தான் வியர்வையில் கழிவு எல்லாம் வெளியேறும், எடையும் குறையும் என்று படித்தேன். நான் ஜிம்மில் போகும்போது ஒரு கிலோவரை குறைகிறது. இதயத்துக்கும் நல்லது என்று ஆராய்ச்சி இருக்கிறதே.

ஓவ்லு_செவிலி எழுதியது:

உங்களுக்குக் குறைகிற அந்த ஒரு கிலோ முழுக்கத் தண்ணீர். குடித்ததும் திரும்பி வந்துவிடும், குடிக்காவிட்டால் தலைவலியும் மயக்கமும் வரும். கழிவை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும் செய்கிற வேலை, வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது.

ஆராய்ச்சி உண்மைதான். கிழக்குப் பின்லாந்தில் குவோப்பியோ பக்கம் நடுத்தர வயது ஆண்கள் 2,300 பேருக்கு மேல் இருபது வருடம்போலக் கவனித்து 2015ல் வெளியிட்டார்கள். வாரம் நாலு தடவையோ அதற்கு மேலோ சவுனா போனவர்களில், வாரம் ஒரு தடவை போனவர்களைவிடத் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள், உடம்பு சரியில்லாதவர் அடிக்கடி சவுனாவுக்குப் போகமாட்டார் என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். அதைக் காட்டி ஊரிலிருந்து வரும் 63 வயதுக்காரரை அரை மணி நேரம் உட்காரவைப்பது சரியில்லை.

தாங்குகிற போட்டியே ஒன்று இந்த நாட்டில் நடந்தது. ஹெய்னோலா என்ற ஊரில் 1999லிருந்து, 110 டிகிரி சூட்டில், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றி, கடைசிவரை இருப்பவர் வெற்றியாளர். 2010 இறுதிச்சுற்றில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் கடுமையான தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதோடு அந்தப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் என்னோடு வேலை செய்கிறவர்கள் முகம் வாடிவிடும். தயவுசெய்து நிமிடக் கணக்கை விடுங்கள்.

தாம்பெரே_புதுசு எழுதியது:

அண்ணா, அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. அப்பாவிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிவிட்டேன். அரைஞாண்கொடியைக் கழற்றி ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். பெண்கள் விஷயம் யாராவது சொல்லுங்கள், அம்மா தாலியைக் கழற்றமாட்டார்.

எஸ்போ_அக்கா எழுதியது:

இதை நான் சொல்கிறேன். நகை எதுவாக இருந்தாலும் சூடேறும். தோடு, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் உடை மாற்றும் இடத்திலேயே கழற்றி ஒரு சின்னப் பையில் போட்டுவிடுவேன். கம்பி ஃபிரேம் கண்ணாடியும் அப்படித்தான். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களுக்கு என் மாமியார் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை மட்டும் போட்டுக்கொண்டு, சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து, தாலியை அதில் சுற்றி மார்போடு பிடித்துக்கொள்வார். துண்டு சூடானால் அவரே எழுந்துவிடுவார். தங்கச் சங்கிலியில் கோத்திருந்தால் வேண்டவே வேண்டாம், கழுத்தைச் சுற்றித் தீய்த்துவிடும்.

உடை. வீட்டுச் சவுனாவிலும் மோக்கியிலும் இவர்கள் துணி இல்லாமல்தான் போவார்கள், ஆனால் குடும்பத்துக்கு வெளியே என்றால் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக முறை வைத்துக்கொள்வார்கள். அதில் கண்ணியக் குறைவு எதுவும் இல்லை, யாரும் யாரையும் பார்ப்பதும் இல்லை. நமக்குக் கூச்சமாக இருந்தால் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு போகலாம், கூப்பிட்டவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். அம்மாவுக்குப் பழைய பருத்திப் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொள்வது பழகியதாகவே இருக்கும், ஊரில் ஆற்றில் குளிக்கும்போது கட்டுகிற மாதிரி. நைலான் துணி மட்டும் வேண்டாம். நகராட்சி நீச்சல்குளத்துச் சவுனாக்களுக்குள் நீச்சலுடையோடு போகக்கூடாது, அங்கே எழுதியே ஒட்டியிருப்பார்கள். ஆண் பெண் சேர்ந்து போகும் இடங்களில், ஹெல்சிங்கி கடற்கரையில் இருக்கும் லோய்லு என்ற பொதுச் சவுனா மாதிரி, நீச்சலுடை கட்டாயம். போகும் இடத்தின் பழக்கத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், வழிந்து பலகையில் படிந்துவிடும், கண்ணிலும் இறங்கும். நான் சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டு, சாயங்காலம் சவுனா போவேன். இவர்களுக்கும் சனிக்கிழமைதான் சவுனா நாள், அவர்கள் மொழியில் சனிக்கிழமையின் பெயரே "குளிக்கும் நாள்" என்ற பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்ததாம். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் நம்ம ஆட்கள்தான் என்று சொல்லிவிட்டார்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள் புதிதாக ஆரம்பிக்கவேண்டாம், நெயுவோலா என்ற தாய்சேய் நல மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிற ஆண்களும் அடிக்கடி போவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது நல்லது, சூட்டில் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும், விட்டுவிட்டால் சில மாதத்தில் திரும்பிவிடும்.

ஏரிக்கரை எழுதியது:

விறகுச் சவுனா பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். மின்சார அடுப்பு மாதிரி நினைத்த நேரத்தில் சூடு குறையாது, ஒரு கட்டை கூடப் போட்டால் அரை மணி நேரம் அதன் வேலையைக் காட்டும். அதனால் அடுப்பை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் ஊர்க்காரர்கள் போகட்டும், சூடு தணிந்து 60, 70க்கு வந்த பிறகு அப்பாவை அழைத்துப் போங்கள், அந்த நேரத்து ஆவி மிருதுவாக இருக்கும். ஒரு விஷயம் முக்கியம், புகைபோக்கித் தகடு. உள்ளே கங்கு இருக்கும்போதே யாராவது அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிற்கும், மணமே இருக்காது, தலைவலியும் தூக்கமும் வரும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. கங்கு முழுக்க அணையாமல் நீங்கள் அதைத் தொடாதீர்கள். ஈரத்துண்டு, சட்டை எதையும் அடுப்புக்கு மேலே காயப்போடாதீர்கள், சவுனாத் தீவிபத்துகளுக்கு அடிக்கடி காரணம் அதுதான்.

குடி. யுஹன்னுஸ் என்றால் மதியத்திலிருந்தே பீர் ஓடும், ஒவ்வொரு வருடமும் அந்த வாரக்கடைசியில் ஏரியில் மூழ்கியவர்கள் செய்தி வரும். போதையில் பிபி இன்னும் இறங்கும், தூங்கிப்போனால் சூடு தெரியாது. எங்கள் மோக்கியில் சவுனா முடியும்வரை பாட்டிலைத் திறக்கமாட்டோம்.

ஏரியில் இறங்குவதென்றால் ஏணியைப் பிடித்து மெதுவாக. ஜூன் கடைசியிலும் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழேதான் பல சமயம் இருக்கும், சூட்டிலிருந்து நேராகக் குதித்தால் மூச்சு ஒரு இழுப்பு இழுத்துவிடும், பிபி ஒரே எகிறாக எகிறும். அப்பாவுக்குக் குதிப்பது வேண்டாம், ஒரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி, அப்புறம் கை, அப்புறம் தோள், அது போதும். கைபேசியில் 112 சுவோமி என்ற அவசர உதவிச் செயலியை இறக்கி வையுங்கள். காட்டுக்குள் இருக்கும் மோக்கிக்கு விலாசம் சொல்லவே தெரியாது, அந்தச் செயலி வழியாகக் கூப்பிட்டால் நீங்கள் இருக்கும் இடம் தானாகவே அவசர உதவி மையத்துக்குப் போய்விடும்.

குடிக்க என்ன என்று யோசிக்கவேண்டாம். கடையில் பீமா என்று புளித்த மோர் கிடைக்கும், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டால் அசல் நீர்மோர். வியர்வையில் போன உப்புக்கும் சேர்த்து அது போதும். பிபிக்காக உப்பைக் குறைத்திருப்பவருக்கு மட்டும் உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

தாம்பெரே_புதுசு எழுதியது:

போய்விட்டு வந்தோம், அதனால் எழுதுகிறேன். டாக்டர் சரி என்று சொல்லி, அன்றைக்கு மட்டும் நீர் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மோக்கிக்காரரும் நீங்கள் சொன்ன மாதிரியே எங்களைக் கடைசியில் அழைத்துப் போனார், ராத்திரி ஒன்பதரை, வெளியே வெயில் அப்படியே இருந்தது. வெப்பமானி 65. போகும் முன் பார்த்ததில் அப்பாவுக்குச் சர்க்கரை 148, சரிதான் என்று உள்ளே போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். நான் அரைக் கரண்டி ஊற்றினேன். ஆவி முதுகில் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, சின்ன வயதில் சளி பிடித்தால் அவருடைய அம்மா நொச்சி போட்டு வேது பிடிக்கவைப்பாராம், அந்தப் போர்வைக்குள் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார். ஆறு நிமிடம் ஆனதும் நான் சொல்வதற்கு முன்பே "போதும்டா" என்று காலை அசைத்துவிட்டு, கட்டையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் பீமா மோர் குடித்தார். சர்க்கரை 112, ஜூஸ் தேவைப்படவில்லை. அம்மா பாவாடை கட்டிக்கொண்டு மோக்கிக்காரரின் மனைவியோடும் என் மனைவியோடும் போனவர், எங்களைவிட அதிக நேரம் இருந்துவிட்டு வந்தார், தாலியை ஈரத்துண்டில் சுற்றும் யோசனைக்கு எஸ்போ அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னார். அந்த அம்மா பிர்ச் மரத்தின் இலைக்கொத்தைத் தண்ணீரில் நனைத்து முதுகில் தட்டிவிட்டாராம். அதை எங்கே வாங்கலாம், இல்லை நாமே கட்டலாமா என்று இப்போது அம்மா கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆகஸ்ட் வரை இங்கேதான் இருக்கிறார்கள்.

பிஸ்பாலா_மேடு எழுதியது:

நீங்களே கட்டலாம், யுஹன்னுஸ் சமயத்து இலைதான் சரியான பருவம், அதற்கு முன்னால் வெட்டினால் இலை உதிரும். மரக்கிளையை வெட்ட நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், பொதுக் காட்டில் வெட்டிவிடாதீர்கள், மோக்கிக்காரரிடமே கேளுங்கள். முழங்கை நீளக் கிளைகள், இலையின் வழவழப்பான பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி அடுக்கி, அடியில் இறுக்கிக் கட்டவேண்டும். நம் ஊரில் இதற்கு விஹ்தா என்று பெயர், கிழக்கே போனால் வஸ்தா என்பார்கள். கட்டியதை ஃப்ரீசரில் வைத்தால் பனிக்காலம் வரை பச்சையாக இருக்கும், அம்மா ஊருக்குப் போன பிறகும் உங்களுக்கு ஆகும்.